பாட்டின் உரிமையும் வழக்கின் முறையும்

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம் முன்னோர்களை அதிகம் வருத்தியதாகத் தெரியவில்லை. பாடியவர் வாயிலிருந்து கேட்டவர் செவிக்குச் சென்று, கேட்டவர் தாமும் பாடப் பாட, பாட்டு வாழ்ந்து வந்தது. இசைத்தட்டு வந்த பின்னரே பாட்டு கடையில் விற்கும் பண்டமாயிற்று. பண்டம் ஆனதும் விலை வந்தது; விலை வந்ததும் உரிமை வந்தது; உரிமையைத் தொடர்ந்து வழக்கும் வந்தது. அவ்வழக்குகள் நடத்தப்பட்ட முறையைப் பற்றியே இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

இது பெருநகரங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாம் வாழும் வித்துரா, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் உள்ள மலையடிவார ஊர். மேலே போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், இத்தகைய ஊர்களின் கடைத்தெருவில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில், நகத்தளவு அட்டை ஒன்றில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றிக் கொடுப்பார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் அதைக் குற்றமென்று எண்ணியதில்லை. சட்டத்தின் கண்ணிலோ அது உரிமை மீறலே.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாட்டை ஆக்கியவனுக்கும், பாடியவனுக்கும், பொருள் செலவிட்டுப் பதிவு செய்தவனுக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. ஒலிப்பதிவு ஒன்றுக்கு அது வெளியிடப்பட்டதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது. உழைத்தவன் கூலி பெறவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உரிமை உண்மையாக இருப்பது ஒன்று. அதை நிலைநாட்டக் கைக்கொள்ளும் வழி நேர்மையாக இருப்பது மற்றொன்று. முன்னது இருப்பதனாலேயே பின்னதும் இருப்பதாகக் கொள்ளுதல் தவறு.

முதலில் இப்பகிர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் ஏற்பாடு தோன்றியது. ஒருவர் கணினியில் உள்ள பாட்டை இணையத்தின் வழியாக மற்றொருவர் நேரே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வாண்டு டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்தன. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. நாப்ஸ்டர் மூடப்பட்டது. ஆயினும் நடுவே நிலையம் எதுவும் வேண்டாத வேறு மென்பொருள்கள் உடனே பிறந்தன. வழக்குத் தொடுக்க நடுவில் ஒருவர் இல்லாதபோது, நிறுவனங்கள் பாட்டுக் கேட்போர்மீதே வழக்குத் தொடுக்கத் தொடங்கின.

இத்தகைய பகிர்வில் வெளியே தெரிவது ஓர் எண் மாத்திரமே. இணைய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அப்போதைக்கு வழங்கப்படும் முகவரி எண் அது. அது வீட்டின் கதவு எண்ணைப் போன்றது. அவ்வீட்டில் பாட்டை எடுத்தது தந்தையா, மகளா, விருந்தினரா, திண்ணையோரம் நின்று அலைவரிசையைப் பிடித்துக்கொண்ட அயலாரா என்பதை அவ்வெண் சொல்லாது. நம் நாட்டில் ஒரே எண்ணைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுத் தரும் வழக்கமும் உண்டு. ஒரு மாணவர் விடுதி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே எண்ணாகத் தோன்றலாம். எண் ஒரு துப்பு ஆகலாம். அதுவே சாட்சியம் ஆகிவிடாது.

இனி அமெரிக்காவில் நடந்ததைக் காண்போம். 2003 செப்டம்பரில் அந்நாட்டு ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் ஒரே நாளில் 261 பேர்மீது வழக்குத் தொடுத்தன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் வழக்கையோ வழக்கு மிரட்டலையோ சந்தித்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். முதல் வரிசையிலேயே நியூயார்க்கில் ஏழை மக்கள் குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி அகப்பட்டாள். அவள் தாய் 2,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார். 2005இல் மேற்கு வர்ஜீனியாவில் 83 வயதுப் பெண்மணி ஒருவர்மீது வழக்குப் பதிவாயிற்று. அவரோ முந்திய ஆண்டே காலமாகிவிட்டவர். வீட்டில் கணினி வைத்துக்கொள்ளவே விரும்பாதவர் என்று அவர் மகள் கூறினார். அவ்வழக்கு பின்னர்க் கைவிடப்பட்டது.

இவை தற்செயலான பிழைகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வழக்கு நடத்திய முறையே இத்தகைய பிழைகளுக்கு இடம் தருவதாய் இருந்தது என்பதே கருதத்தக்கது. அம்முறையில் நான்கு கூறுகளைக் காண்கிறோம்.

முதலாவது, நீதிபதியின் பார்வைக்கே வராமல் பெயர்களைப் பெற முயன்றது. நீதிமன்ற எழுத்தர் கையொப்பமிட்ட ஆணையைக் கொண்டே சந்தாதாரர் பெயர்களை இணைய நிறுவனங்களிடம் கேட்டனர். வெரிசான் நிறுவனம் மறுத்து வழக்காடியது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெறும் வழித்தடமாக மட்டும் இருக்கும் நிறுவனத்திடம் இவ்வாறு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது, பெயரில்லாத கூட்டத்தை ஒரே வழக்கில் கட்டியது. 'ஜான் டோ' என்பது முகமறியாத பிரதிவாதிக்கு ஆங்கில வழக்கு மரபில் இடும் பொய்ப்பெயர். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோரை அப்பெயரின் கீழ் ஒரே மனுவில் சேர்த்தனர். ஒரே மனு ஆதலால் ஒரே கட்டணம். அவர்களுக்குத் தெரியாமலே அவர்களைப் பற்றிய விவரங்களைப் பெறும் உத்தரவைப் பெற்றனர். பெயர் கிடைத்ததும் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டனர். 2004இல் பிலடெல்பியா நீதிமன்றம் ஒன்று, இவ்வாறு சேர்க்கப்பட்ட 203 பேரையும் தனித்தனியே பிரிக்குமாறு உத்தரவிட்டது.

மூன்றாவது, தொகையைக் காட்டி அச்சுறுத்தியது. அமெரிக்கச் சட்டப்படி, நட்டம் எவ்வளவு என்று மெய்ப்பிக்காமலே ஒரு படைப்புக்கு 750 டாலர் முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே மீறியதாகத் தெரிந்தால் 1,50,000 டாலர் வரையும் இழப்பீடு கேட்கலாம். அதே பாட்டை அக்காலத்தில் இணையக் கடையில் ஒரு டாலருக்கும் குறைவாக வாங்கலாம். நீதிமன்றம் சென்றால் லட்சங்கள். இப்போதே இசைந்தால் சில ஆயிரங்கள் என்றால், குற்றமற்றவனும் எதைத் தேர்வான்? வழக்கறிஞர் கட்டணத்தையும் எண்ணிப் பார்த்துப் பலர் பணம் கட்டிவிட்டனர். அவ்வாறு கட்டியவர்களுள் குற்றமற்றோர் எத்தனை பேர் என்பதை எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை. ஆராயும் நிலைக்கு வழக்கு வரவேயில்லை.

நான்காவது, எதிர்த்து நின்றவரைச் சோர்வடையச் செய்தது. ஓரிகன் மாநிலத்தில் உடல் நலிந்த பெண்மணி ஒருவர், தாம் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்று தொடக்கமுதல் கூறிவந்தார். அவருடைய பத்து வயது மகளையும் விசாரிக்க வேண்டுமென்று நிறுவனத் தரப்பு கோரியது. 2005இல் தொடுத்த வழக்கு 2007இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, அவருடைய வழக்குச் செலவாக ஒரு லட்சம் டாலருக்குமேல் நிறுவனங்கள் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. செலவு திரும்பியது, அந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

நடுவர் குழுவின் முன் வழக்காடித் தீர்ப்பு வரை சென்றவர்கள் மிகச் சிலரே. அவருள் முதல்வர் மின்னசோட்டா மாநிலத்துப் பெண்மணி ஒருவர். 24 பாட்டுகளுக்காக 2007இல் அவர்மீது 2,22,000 டாலர் விதிக்கப்பட்டது. பாட்டைப் பிறர் எடுக்கும் வண்ணம் வைத்திருந்தாலே போதும், எவரேனும் எடுத்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று நடுவர் குழுவுக்குக் கூறப்பட்டிருந்தது. மறு ஆண்டு நீதிபதி மைக்கேல் டேவிஸ் அக்கூற்றைத் தவறென்று கண்டு, மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். தம்மைக் கட்டுப்படுத்தும் மேல் நீதிமன்றத் தீர்ப்பொன்றை இரு தரப்பினரும் தம் முன் எடுத்துவைக்கவில்லை என்பதையும் அவர் சுட்டினார். 2009இல் நடந்த மறு விசாரணையில் தொகை 19,20,000 டாலர் ஆயிற்று. நீதிபதி அதை 54,000 ஆகக் குறைத்தார். மூன்றாம் விசாரணையில் 15,00,000 ஆயிற்று. மீண்டும் 54,000 ஆகக் குறைந்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000 டாலரையே நிலைநிறுத்தியது. அப்பெண்மணியின் பக்கம் நியாயம் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. முதல் இரண்டு நடுவர் குழுக்களும் அவர் மீறியதாகவே கண்டன; மூன்றாவது குழு தொகையை மட்டுமே முடிவு செய்தது. ஒரே செயலுக்கு இத்தனை விலைகள் உண்டென்றால், அவ்விலை எதை அளக்கிறது என்பதே நம் கேள்வி.

2008 டிசம்பரில் இசை நிறுவனங்கள் இத்தகைய புதிய வழக்குகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தன. ஆனால் அவை வகுத்த வழி அழியவில்லை. லண்டனில் ஏ.சி.எஸ். லா என்ற சட்ட அலுவலகம் ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பிச் சில நூறு பவுன் கேட்டது. வழக்குகள் உண்மையில் நீதிமன்றம் வந்தபோது, அவற்றைக் கைவிட முயன்றது. நீதிபதி பெர்ஸ் அதற்கு எளிதில் இடம் தரவில்லை. 2012இல் அவ்வலுவலகத் தலைவர் இரண்டாண்டுக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டார். அமெரிக்காவில் பிரெண்டா லா என்ற அமைப்பினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். தாங்களே படங்களை இணையத்தில் இட்டு, எடுத்தவர்மீது வழக்கிட்டுப் பணம் பறித்தனர். 2013இல் நீதிபதி ஓட்டிஸ் ரைட் அவர்களுடைய சூழ்ச்சியைத் தம் உத்தரவில் விரித்துரைத்தார். அவ்வமைப்பின் வழக்கறிஞர் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2019இல் ஒருவர் 14 ஆண்டும் மற்றவர் 5 ஆண்டும் சிறைத்தண்டனை பெற்றனர்.

இதைப் படிக்கும்போது தமிழருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே, கோவலனைக் கள்வன் என்று பாண்டியனிடம் சுட்டினான். அரசன் தீயவன் அல்லன். ஆயினும் குற்றஞ்சாட்டியவன் சொல்லைக் கேட்ட அளவில், குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்லைக் கேளாமலே ஆணையிட்டான். பரல் முத்தா மாணிக்கமா என்ற ஆராய்ச்சி, கொலை நடந்த பின்னரே நடைபெற்றது. ஒருதரப்பு ஆணையின் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை நம்மிடம் வேறில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் இசை நிறுவனங்களும் படத் தயாரிப்பாளர்களும் வீடு வீடாகக் கடிதம் அனுப்பும் வழியைப் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. அவர்கள் நாடியது தடையுத்தரவு. 'ஜான் டோ' இங்கே 'அசோக் குமார்' ஆனான். முகமறியாத அசோக் குமாரையும், முகமறிந்த இணைய நிறுவனங்களையும் பிரதிவாதிகளாக்கி, படம் வெளிவருமுன்பே உத்தரவு பெற்றுவிடுவது வழக்கமாயிற்று. 2012இல் இந்திய இசைத் தொழில் சங்கத்தின் தரப்பில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவால் 104 இசைத் தளங்கள் தடை செய்யப்பட்டன.

அவ்வாண்டே சென்னையில் நடந்ததைத் தமிழர் நன்கு அறிவர். 'கொலவெறி' பாட்டு இடம்பெற்ற '3' என்ற படத்துக்காகவும், 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெறப்பட்டது. 2011 நவம்பரில் வெளியான அப்பாட்டு, மக்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் பகிர்ந்ததனாலேயே உலகெங்கும் பரவியது என்பதும் நினைவுகூரத் தக்கது. உத்தரவைக் கையில் பெற்ற இணைய நிறுவனங்கள், எந்தப் பக்கம் என்று பாராமல் தளங்கள் முழுவதையுமே அடைத்தன. குறும்பட இளைஞர் தம் சொந்த ஆக்கங்களை வைத்திருந்த விமியோ தளமும் அவற்றுள் ஒன்று. தாம் எடுத்த படத்தைத் தாமே காண இயலாத நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் வழக்கில் இல்லை. நிறுவனங்கள் நீதிமன்றத்தை மீண்டும் அணுகின. 2012 ஜூன் 22 அன்று நீதிமன்றம், மீறல் உள்ள குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை, முழுத் தளத்துக்கு அன்று எனத் தெளிவுபடுத்தியது.

தெளிவுரை நிலைத்ததா எனில், இல்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளால் 2,650 முகவரிகள் அடைபட்டன. பழைய நூல்களையும் பழைய இசைத்தட்டுகளின் ஒலியையும் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகமும் அப்பட்டியலில் இருந்தது. தங்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்று காப்பகத்தார் கூறினர்.

கேரளத்திலும் இச்செய்திக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 2012இல் 'பேச்சிலர் பார்ட்டி' என்னும் மலையாளப் படத்தைப் பகிர்ந்ததாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்மீது மாநிலக் காவல்துறையின் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. தனியார் மென்பொருள் ஒன்று திரட்டிய முகவரி எண்களே அதற்கு அடிப்படை. 2015இல் 'பிரேமம்' படம் இணையத்தில் வெளியானபோது முதலில் பிடிபட்டவர்கள் மாணவர்கள். பின்னரோ, திருவனந்தபுரத்தில் தணிக்கை அலுவலகத்தில் தற்காலிகமாகப் பணியாற்றிய மூவர் கைதாயினர். ஊற்றுக்கண் அரங்கிற்கு வெளியே அன்று, உள்ளேயே இருக்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. அகப்பட்டவன் எளியவன் என்பதனால் அவனே மூலகாரணன் ஆகிவிடமாட்டான்.

இது ஏன் முக்கியம்? பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமை மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாணிப ஆதாயத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது இறுதியில் வருவது. தொடக்கத்திலோ, 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இக்குற்றத்தைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும், பிணையை உரிமையாகக் கோர இயலாததும் ஆகும் எனத் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே ஓர் எண்ணை நம்பிக் காவலர் கதவைத் தட்டுவது சிறிய செய்தியன்று. ஒரு தேயிலைத் தொழிலாளியின் மகன் கல்லூரியில் படிக்கும்போது அவ்வாறு நேர்ந்தால், தீர்ப்பு வருமுன்பே அவன் படிப்பு முடிந்துபோகும்.

நாம் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். சட்டச் சொற்களைத் தமிழில் தரும்போது, ஒரு சொல் எவ்வளவு தீர்ப்பைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது என்பதை நாள்தோறும் காண்கிறோம். ஆங்கிலத்தில் இதைக் கடற்கொள்ளை என்கிறார்கள். நாம் திருட்டுப் பதிவு என்கிறோம். ஆனால் நம் தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்பது, அசையும் பொருளை உடையவன் வசத்திலிருந்து அவன் இசைவின்றி அகற்றுவது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதுவே இலக்கணம். பாட்டைப் பிரதி எடுத்தவன் மூலத்தை அகற்றவில்லை. உரிமையாளன் பெறவேண்டிய ஊதியத்தைப் பெறாமல் செய்தான். அதுவும் தவறே, அதற்குத் தனிச் சட்டமும் உண்டு. 1985இல் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை உரிமையின்றித் தட்டாக்கி விற்றவர் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றமும் உரிமை மீறலை அப்படியே திருட்டோடு ஒன்றாக்க இயலாது என்றே கூறியது. கள்வன் என்று முதலிலேயே பெயரிட்டுவிட்டால், பின்னர் விசாரணை எதற்கு என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் புகுந்துவிடுகிறது.

நல்ல வழியும் நம் நீதிமன்றங்களிலேயே காட்டப்பட்டிருக்கிறது. 2016இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜி. எஸ். பட்டேல், தளங்களை மொத்தமாக அடைக்கும் உத்தரவை மறுத்தார். ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்துச் சத்தியப் பிரமாணத்துடன் பட்டியல் தரவேண்டும்; தடை செய்த பக்கத்தில் வழக்கின் விவரம் தெரியவேண்டும்; பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக வழி இருக்கவேண்டும் என்று வகுத்தார். சட்டத்திலும் ஒரு கேடயம் உண்டு. அடிப்படையின்றிப் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுத்து, அம்மிரட்டலை நிறுத்தவும் இழப்பீடு பெறவும் 60ஆம் பிரிவு இடமளிக்கிறது. இப்பிரிவு இருப்பதைப் பொதுமக்கள் அறிந்திருத்தல் நலம். இத்தகைய கடிதம் வந்தால், அஞ்சி உடனே பணம் அனுப்புவதும், அலட்சியமாகக் கிழித்தெறிவதும் ஒருங்கே தவறு. பணம் கட்ட இயலாதோர் தாலுகா, மாவட்டச் சட்டப் பணிகள் குழுக்களை நாடலாம். பெண்களுக்கும், சிறாருக்கும், பட்டியல் சாதியினர் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே அங்குச் சட்ட உதவி உண்டு.

உரிமையாளருக்கும் ஒரு சொல். வழக்கினால் வருவதைவிடக் குறைந்த விலையினால் வருவது நிலையானது. சிறிய சந்தாவுக்கு எல்லாப் பாட்டையும் கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தபின், மலையடிவாரக் கடைகளில் அட்டையில் பாட்டேற்றும் தொழில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதை மறைத்தது காவலர் சோதனை அன்று.

நேயர்களே, பாட்டுக்கு உரிய கூலியைத் தருவோம். அதைத் தராதவர்மீது வழக்கும் தொடரட்டும். ஆனால் வழக்கென்றால் இருவர் பேசவேண்டும், சாட்சியம் சோதிக்கப்படவேண்டும், பிரதிவாதிக்கு அவனுடைய சொந்தப் பெயர் இருக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத உத்தரவு எவர் கையில் இருந்தாலும், அதைக் கண்டு குற்றமற்றவனும் அஞ்ச நேரிடும். குற்றமற்றவன் அஞ்சாதிருப்பதற்காகவே நீதிமன்றம் ஏற்பட்டது.